கல் கிடங்கின் கைக் கிரேன்

மூன்றையும் பார்த்துவிட்டு, மூன்றும் வேண்டாம் என்றார் ஜம்புலிங்கம் மேஸ்திரி.

சுந்தரமூர்த்தி மணியைப் பார்த்தான். ரயிலில் வந்த கான்கிரீட் சுவர்களோடு சுவராகப் பட்டணத்திலிருந்து வந்திறங்கிய சூப்பர்வைசர் அவன். தனியாகப் பார்க்கும் முதல் வேலை.

திருத்தணி ஸ்டேஷனைத் தாண்டி, கிளைத் தண்டவாளத்தில் திறந்த வேகன் நின்றது. அதில் எட்டுச் சுவர்கள். கான்கிரீட்டில் முன்பே வார்த்து, ஜன்னலுக்கு இடம் விட்டு, நிற்கவைத்தபடியே அனுப்பியிருந்தார்கள். ஒவ்வொன்றும் ஒரு டன். மலையடிவாரத்துக்குக் கொண்டுபோய் நிறுத்திப் பூட்டினால் யாத்ரீகர் தங்கும் கூடம் தயார். ஆடிக் கிருத்திகைக்குப் பத்து நாள்தான் இருந்தது.

நாலு மணிக்கு இஞ்சின் வந்து வேகனை இழுத்துக்கொண்டு போய்விடும். அதற்குள் எட்டும் லாரியில் ஏறியாக வேண்டும்.

அதற்காகத்தான் அவன் மூன்று ஏற்பாடு செய்து வைத்திருந்தான். முக்காலி மரத்தில் தொங்கும் செயின் கப்பி. யுத்தம் முடிந்து பட்டாளத்தார் ஏலம் விட்ட கிரேன் லாரி. இரண்டும் சரிப்படாவிட்டால், கயிறும் பதினாறு ஆட்களும்.

"கப்பி தூக்கும், திருப்பாது சார். ஆளுங்க தூக்கினா ஓரம் பேந்துடும். அந்த லாரி வெடுக்குனு இழுக்குது. ஜன்னல் மூலையில விரிசல் வுட்டுடும்."

சொல்லிவிட்டு மேஸ்திரி வேலிக்கு அப்பால் கை காட்டினார்.

தண்டவாளத்தை ஒட்டி ஒரு கல் கிடங்கு. அதன் ஓரத்தில் கைக் கிரேன் ஒன்று நின்றது. இரண்டு பேர் கைப்பிடியைச் சுற்ற வேண்டும். மேலே ஒருவன் பிரேக்கைப் பிடிக்க வேண்டும். மெதுவாகத் தூக்கும். அதன் கை வேகனுக்கும் எட்டும், லாரிக்கும் எட்டும்.

கிடங்குக்காரர் மறுக்கவில்லை. பிரேக்கைப் புதிதாக மாற்றி இரண்டு வருடமாகிறது என்றார். ஆனால் அதைப் பிடிக்கத் தன்னிடம் ஆள் இல்லை என்றார்.

"ஆள் கீறான்," என்று சொல்லி மேஸ்திரி சைக்கிளை எடுத்தார்.

பத்து மணிக்குத் திரும்பி வந்தபோது பின் கேரியரில் ஒருவன் உட்கார்ந்திருந்தான். பெயர் கங்காதரன். முப்பது வயது இருக்கும். கழனியில் களை பிடுங்கிக்கொண்டிருந்தவனை அப்படியே கூட்டி வந்திருக்கிறார். முழங்கால் வரைக்கும் சேறு காயாமல் இருந்தது.

கிரேனைப் பார்த்ததும் அவன் சைக்கிளை விட்டு இறங்கவில்லை.

"வேணாம் மேஸ்திரி. வேற யாரையாவது ஏத்துங்க."

மேஸ்திரி நேரே கிரேனிடம் போனார். சங்கிலியை ஒவ்வொரு கண்ணியாக விரலால் தடவிப் பார்த்தார். பிரேக் பட்டையை அமுக்கிப் பார்த்தார். கொக்கியில் ஒரு சின்னக் கல்லை மாட்டி, கைப்பிடிக்கு நின்ற இருவரிடம் ஏற்றி இறக்கச் சொல்லி, கொஞ்ச நேரம் அந்தரத்தில் நிற்கவைத்தும் பார்த்தார். கடைசியில் கங்காதரனின் தோளைத் தொட்டு இறக்கி, கிரேனின் ஏணிப் பக்கம் திருப்பிவிட்டார்.

கங்காதரன் ஏறினான்.

முதல் சுவர் ஒரு சாண் எழும்பி நின்றது. பிறகு இன்னொரு முழம். வேகனைத் தாண்டி வெளியே வந்தபோது காற்றில் லேசாகத் திரும்பியது.

அப்போது மேஸ்திரி சுவருக்கு நேர் அடியில் போய் நின்றார். இரண்டு கையையும் உயர்த்தி அதன் அடி விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

சுந்தரமூர்த்தி ஓடினான். தொங்கும் பளுவுக்குக் கீழே யாரும் நிற்கக் கூடாது என்று காலையில் எல்லோரையும் கூட்டிச் சொன்னவனே அவன்தான்.

"மேஸ்திரி, வெளிய வாங்க. கயிறு கட்டித் திருப்பிக்கலாம்."

"கயிறு இருக்குது சார். ஆனா கீழ ஆள் நிக்கறத அவன் பாக்கணும்."

மேலே கங்காதரன் பிரேக்கைப் பிடித்தபடி முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டான். கைப்பிடி சுற்றியவர்கள் நிறுத்திவிட்டார்கள். சுவர் மேஸ்திரியின் தலைக்கு மேல் அசையாமல் தொங்கியது.

மேஸ்திரி நிமிர்ந்து அவனைப் பார்த்துக்கொண்டே இருந்தார். வெயில் கண்ணில் அடித்தும் பார்வையை எடுக்கவில்லை.

எவ்வளவு நேரம் என்று சுந்தரமூர்த்திக்குத் தெரியவில்லை. மேலே இருந்தவன் முகத்தைத் திருப்பிக் கீழே பார்த்தான். கங்காதரன் தலையசைத்தான். கைப்பிடி மறுபடி சுற்றியது. மேஸ்திரி சுவரோடு கூடவே அடி அடியாக நடந்து லாரி வரைக்கும் வந்தார். சுவர் இறங்கியபோது லாரியில் பரப்பியிருந்த வைக்கோல் நசுங்கும் சத்தம் மட்டும் கேட்டது.

ஒரு கீறல் இல்லை.

வேலியோரத்தில் ஒரு பெண் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு நின்றிருந்தாள். கழனியிலிருந்து சைக்கிளுக்குப் பின்னாலேயே ஓடி வந்திருக்கிறாள். கங்காதரனின் மனைவி, பெயர் அம்சா என்று யாரோ சொன்னார்கள்.

"அதான் நல்லபடியா எறக்கிட்டாரே, ஏம்மா அழறே?" என்றான் சுந்தரமூர்த்தி.

"இதே கிரேன்தாங்க. ரெண்டு வருசம் முன்ன பிரேக்கு வழுக்கிடுச்சி. எங்க வூட்டுக்காரு கையில நிக்கல. கல்லு கீழ வந்துடுச்சி." அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "அன்னிலேருந்து பிரேக்க தொடலிங்க. யாரு கூப்ட்டும் போவல."

"யாருக்காவது அடிபட்டுச்சா?"

"கீழ நின்னுகினு இருந்தது மேஸ்திரியோட புள்ளதாங்க. ஒரே புள்ள. அந்த எடத்துலியே உசுரு போயிடுச்சி."

சுந்தரமூர்த்தி திரும்பிப் பார்த்தான்.

மேஸ்திரி அதற்குள் வேகன் பக்கம் போய், இரண்டாவது சுவரில் கொக்கியை மாட்டிவிட்டிருந்தார். ஒருமுறை இழுத்துப் பார்த்தார். பிறகு கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, சுவர் வந்து தொங்கப்போகும் இடத்தில் போய் நின்றார்.

"எடு நைனா," என்றார் கங்காதரனைப் பார்த்து.