மருமகன் கேட்ட குதிரை

"வந்துட்டான் பாருங்க உங்க அருமை மருமகன்! குதிரையைக் கேட்காம இவன் போவானா?"

ஜன்னலோரம் நின்ற ரைஹான் பல்லைக் கடித்தாள். கணவன் செயில்கான் தேநீரை ஊதிக்கொண்டே இருந்தார்.

அந்தக் கஸாக் ஊரில், தாய்மாமன் வீட்டில் மருமகன் ஆயுளுக்கு மூன்று முறை எதை வேண்டுமானாலும் கேட்கலாம். மறுக்கக் கூடாது, கொடுத்ததைத் திரும்ப வாங்கவும் கூடாது. செயில்கானின் அக்கா மகன் தாவுரென் இரண்டு முறை கேட்டு முடித்திருந்தான். ஒரு வெள்ளிச் சேணம், ஒரு குதிரைக்குட்டி. இரண்டும் கால்பந்து ஆட்டங்கள் மேல் கட்டிய பந்தயத்தில் போயின. பின்னாலேயே அவன் மனைவியும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனாள்.

ரைஹானிடம் மிஞ்சியிருப்பது ஒரே ஒரு பெண்குதிரை. இரண்டு மாடுகளையும்தான் தீவனம் இல்லையென்று போன குளிர்காலத்தில் செயில்கான் விற்றுவிட்டாரே! குதிரைப்பாலைப் புளிக்கவைத்து விற்றுத்தான் வீடு ஓடுகிறது. அதுவும் போனால் நடுத்தெருதான்.

"மாமி, நல்லாயிருக்கீங்களா?" என்றபடி தாவுரென் உள்ளே வந்தான்.

"இருந்தோம். நீ வர்ற வரைக்கும்."

அவன் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தான். என்ன இருந்தாலும் வீட்டு மருமகன் ஆயிற்றே! பொரித்த ரொட்டியையும் பாலாடையையும் கொண்டுவந்து வைத்தாள்.

"அந்தச் சனியனை விட்டுட்டியாடா?"

"ஒரு வருஷமாச்சு மாமி. டவுன்ல எங்களை மாதிரி ஆளுங்க வாராவாரம் கூடுறோம். மனசுல இருக்கறதைப் பேசிக்குவோம்."

"பேசினா தீருற வியாதியா அது?"

"பேசாம இருந்தா நிச்சயமா தீராது." தாவுரென் மாமாவைப் பார்த்தான். "மாமா, மூணாவது தடவையா கேட்க வந்திருக்கேன். அந்தக் குதிரை வேணும்."

"அடப்பாவி! எங்க வாயில மண்ணைப் போடாதேடா!" ரைஹானுக்கு அழுகை பொங்கியது. "என்னங்க, கல்லு மாதிரி உக்காந்திருக்கீங்களே! முடியாதுன்னு சொல்லுங்க!"

செயில்கான் வெளியே போய்க் குதிரையை அவிழ்த்து வந்து, பின்னாலேயே ரைஹானோடு முற்றத்துக்கு வந்த மருமகன் கையில் கயிற்றைக் கொடுத்தார்.

"எடுத்துக்கோ மாப்ள."

அவ்வளவுதான். விறுவிறுவென்று வீட்டுக்குள் போய்விட்டார். இப்படியும் ஒரு மனுஷனா! ரைஹான் தாவுரெனின் சட்டையைப் பிடித்தாள்.

"எந்தப் பந்தயத்துக்குடா கொண்டுபோறே?"

தாவுரென் வெளிவாசல் பக்கம் போகவே இல்லை. குதிரையை லாயத்தில் கட்டி, ஒரு பிடி புல்லும் போட்டான்.

"எங்கேயும் இல்லை மாமி. இங்கேயே நிக்கட்டும். பாலை நீங்களே கறந்து வித்துக்கோங்க. குதிரை மட்டும் இனிமே என்னோடது. என்னைக் கேட்காம யாரும் விக்க முடியாது."

"யாருடா விக்கப் போறாங்க இதை?"

தாவுரென் குரலைத் தாழ்த்தினான்.

"போன வாரம் எங்க கூட்டத்துக்குப் புதுசா ஒருத்தர் வந்தார் மாமி. 'ரெண்டு மாட்டையும் பந்தயத்துல விட்டுட்டேன், குதிரையையும் வித்துடுவேன்னு பயமா இருக்கு, அதுக்குள்ள நீ வந்து கேட்டு வாங்கிடு மாப்ள, உன் மாமிகிட்டயும் நீயே சொல்லிடு'ன்னு என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதார்."