நான் வாங்கித் தந்த நல்ல பெயர்

என் ஆராய்ச்சி முடிவுகளைத் திருடித் தன் ஆய்வேட்டில் சேர்த்துக்கொண்ட சீனியரைப் பற்றி, பேராசிரியரிடம் நான் விடாமல் புகழ்ந்து பேசினேன்.

"சார், ரிப்பேரான மெஷினைச் சீனியர்தான் ஓட வச்சார்." ஓட வைத்தது நான்தான்.

"சார், உங்க வகுப்பைச் சீனியர் எடுத்தாரே, பசங்க அசந்துட்டாங்க!"

தோழி தலையில் அடித்துக்கொண்டாள்.

"உனக்குச் சூடு சொரணையே இல்லையாடி? சார் ஆய்வேட்டுல கையெழுத்துப் போட்டதும் அவன் பெரிய வேலைக்குப் பறந்துடுவான். நீ அவனுக்கு ஜால்ரா தட்டுற!"

"திறமைசாலியைப் புகழ்ந்தா தப்பாடி?" என்றேன்.

மறுநாள் சீனியர் ஆய்வேட்டைத் தூக்கிக்கொண்டு பேராசிரியரின் அறைக்குள் போனார். நாங்கள் இருவரும் கதவோரம் காதைத் தீட்டிக்கொண்டு நின்றோம்.

"கையெழுத்தா? அதுக்குள்ள என்னப்பா அவசரம்?" பேராசிரியரின் குரலில் தேன் ஒழுகியது. "மெஷினும் நீ, வகுப்பும் நீ. உன்னை அனுப்பிட்டு நான் யாரை வச்சுக் குப்பை கொட்டுறது? இன்னும் ரெண்டு வருஷம் இங்கயே இரு."

"சார், என் வேலை..."

"அவங்ககிட்ட நானே பேசி வேண்டாம்னு சொல்லிடுறேன்."

தோழி வாயைப் பிளந்துகொண்டு என்னைப் பார்த்தாள். நான் கதவைத் தள்ளித் தலையை மட்டும் உள்ளே நீட்டினேன்.

"சார், சொல்ல மறந்துட்டேன். உங்க பரீட்சைப் பேப்பர் எல்லாத்தையும் சீனியரே திருத்தித் தரேன்னார்!"