கொட்டகையில் கட்டிய வலை

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் மர்டோ மெக்ஐவரின் சமையலறையில் இருந்தவர்கள் ஐந்து பேர்: மர்டோ, மனைவி பெகி, மகள் இஷ்பெல், சபை மூப்பர்கள் டார்க்கில், அலஸ்டர். பெகி சனிக்கிழமையே சமைத்து வைத்திருந்த ஆட்டிறைச்சி சூப்பை யாரும் தொடவில்லை.

"உங்க கொட்டகைல ஓய்வுநாள்ல பந்து அடிக்கிற சத்தம் கேக்குது, மர்டோ அண்ணே," என்றார் டார்க்கில். "மூணு வாரமா. ஊரே பேசுது."

மர்டோவின் முதுகு நாற்காலியில் சாயவில்லை. அவர் தாத்தா மூப்பர், அப்பா மூப்பர், அவரும் மூப்பர். அந்தத் தீவில் ஞாயிற்றுக்கிழமை துணி காயப்போட்டாலே தலைகுனிவு. அன்று கோல்ஃப் ஆடினால் சபையில் பெயரே இருக்காது.

கொட்டகையில் வலை கட்டியது அவர்தான். இஷ்பெல் தேசிய கோல்ஃப் போட்டிக்குத் தேர்வாகியிருந்தாள். வெளியே அடித்தால் காற்று பந்தைக் கடலில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். பழைய சால்மன் மீன் வலையை உத்திரத்திலிருந்து தொங்கவிட்டு, பின்னால் தார்ப்பாய் கட்டி, தரையில் பச்சை விரிப்புப் போட்டுக் கொடுத்தார். ஒரே நிபந்தனை: ஞாயிறு கூடாது.

"சத்தத்தைக் கேட்டது யாரு? நீயா?" என்றார் மர்டோ.

"என் தங்கச்சி கேட்டா."

"உன் தங்கச்சிக்குப் பக்கத்துல இடி விழுந்தாலே கேக்காது," என்றாள் பெகி. "இது மட்டும் கேட்டுச்சாக்கும்!"

"கோவப்படாதீங்க மதினி," என்றார் அலஸ்டர். "நீங்க ரெண்டு பேரும் இந்த நேரத்துக்கு உங்க அக்கா வீட்டுக்குப் போயிருவீங்க. பின்னால இங்க என்ன நடக்குதுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? போதகர் காதுக்குப் போறதுக்கு முன்னாடி நாமளே பேசி முடிச்சிருவோம்னுதான் வந்தோம்."

போதகர் என்றதும் மர்டோ நிமிர்ந்து பார்த்தார். மூன்று வருடம் போதகர் இல்லாமல் பூட்டிக் கிடந்த சபை அது. இப்போதைய போதகர் ஃபிண்ட்லே ஐயாவைக் கடிதம்மேல் கடிதம் எழுதி இந்தத் தீவுக்கு அழைத்து வந்தவரே மர்டோதான். இந்த அவமானத்தில் இவரும் போய்விட்டால் கதவை இனி யாரும் திறக்கப்போவதில்லை.

அன்று காலை போதகர் ஆசீர்வாதம் கூறக் கைகளை உயர்த்தியபோது, ஒரு கை வெயிலில் கறுத்தும் மற்றது பாலாய் வெளுத்தும் இருந்தது. மனிதருக்கு ரத்த ஓட்டம் சரியில்லை போலிருக்கிறது, பெகியிடம் சொல்லிக் கம்பளிக் கையுறை பின்னித் தர வேண்டும் என்று மர்டோ நினைத்துக்கொண்டார். இப்போது அந்த முகத்தில் எப்படி விழிப்பது?

"இஷ்பெல், அடிச்சியா?"

"இல்லப்பா. நான் கடற்கரைல நடக்கப் போயிருந்தேன்."

"என் கண்ணைப் பாத்துச் சொல்லு."

"எத்தனை தடவை சொல்றது? இல்ல!"

அவர் நம்பவில்லை. நம்பவில்லை என்பது அவளுக்கும் தெரிந்தது. "வலையை அறுத்துப் போட்டுருங்கப்பா. போட்டிக்கும் நான் போகல. ஆனா பொய் சொல்றேன்னு மட்டும் நினைக்காதீங்க," என்றாள்.

டார்க்கில் மேசைமேல் குனிந்தார். "கையைக் காட்டும்மா. பாருங்க, இடது கை மட்டும் வெளுத்திருக்கு. எந்தப் பொண்ணு கை இப்படி இருக்கு?"

"ஒத்தக் கைல மட்டும் உறை மாட்டிக் கோடை பூரா ஆடினா உங்க கையும் இப்படித்தான் ஆகும், சித்தப்பா. கோல்ஃப் ஆடுற யார் கையும் இப்படித்தான் இருக்கும்."

மர்டோ மகளின் கையைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

அப்போது கொட்டகைப் பக்கமிருந்து அது கேட்டது. தொப். கொஞ்சம் இடைவெளி. மறுபடியும், தொப்.

"நான் இங்கதானே இருக்கேன்!" என்று கத்தினாள் இஷ்பெல். "கேட்டுக்கோங்க எல்லாரும்! நான் இங்கதானே இருக்கேன்!"

டார்க்கில் வாசலுக்குப் பாய்ந்தார். அவரை முந்திக்கொண்டு மர்டோ கதவில் முதுகை வைத்து மறித்து நின்றார்.

"தள்ளுங்க அண்ணே! எவன்னு பாத்துருவோம்."

"பாக்க வேண்டாம். கொட்டகை என்னோடது, குத்தமும் என்னோடது. மூப்பர் பதவியை எடுத்துக்கோ. மர்டோ வீட்டுலதான் அடிச்சாங்கன்னு ஊர் பூரா சொல்லிக்கோ."

"உங்களுக்கு என்ன பைத்தியமா?" என்று பெகி அவர் கையைப் பிடித்து இழுத்தாள். "நம்ம புள்ள இல்லன்னுதான் தெரிஞ்சு போச்சே!"

"தெரியும்." அவர் மகள் பக்கம் திரும்பினார். "இஷ்பெல், என்னை மன்னிச்சுரும்மா. டார்க்கில், உன் காலைப் பிடிச்சுக் கேக்குறேன். என்மேலயே போடு. இதோட விட்டுரு."

மர்டோ மெக்ஐவர் கெஞ்சி யாரும் பார்த்ததில்லை. டார்க்கில் ஓர் அடி பின்வாங்கினார்.

கூச்சல் வெளியே கேட்டிருக்க வேண்டும். கொட்டகையில் சத்தம் நின்றுவிட்டது. முற்றத்துக் கற்களில் காலடி ஓசை நெருங்கி வந்து, மர்டோவின் முதுகோடு சேர்த்துக் கதவை யாரோ தள்ளினார்கள். அவர் பலம்கொண்ட மட்டும் அழுத்திப் பார்த்தார், முடியவில்லை. கதவிடுக்கில் ஒரு கை நுழைந்தது. இடது கை. அதில் வெள்ளை உறை.

"ஊர்ல பேசுறது பொய், டார்க்கில். அடிச்சது மர்டோ வீட்டு ஆள் இல்ல, உங்க போதகர் நான்தான்."