நமுத்த தோட்டா

நான்கு வெடி கேட்டது. ஐந்தாவது கேட்கவில்லை.

டோரீன் தன் ஐந்தையும் சுட்டு முடித்திருந்தாள். காதை அடைத்திருந்தாலும், பக்கத்துத் தடுப்பில் நிற்கும் கணவனின் துப்பாக்கி எத்தனை முறை வெடித்தது என்று அவளுக்குத் தெரிந்துவிடும்.

பத்து விநாடி முடிந்து இலக்குப் பலகைகள் முகத்தைத் திருப்பிக்கொண்டன. வெர்னனின் இடது கை மேலே போனது.

"அலிபி!"

கொலை வழக்கில் 'நான் அந்த இடத்திலேயே இல்லை' என்று தப்பிக்க உதவும் அதே சொல்தான். தீயணைப்பு நிலையத்தின் அடித்தளத்தில், குளிர்காலத்து ஞாயிறுகளில் கூடும் இந்தச் சுடும் கூட்டத்தில் அதற்கு அர்த்தம் வேறு. தப்பு என்னுடையது இல்லை, துப்பாக்கியுடையது. நடுவர் வந்து பார்த்து ஒப்புக்கொண்டால் மறுபடி சுடலாம்.

நடுவர் கஸ் வந்தார். "யோவ் வெர்ன், இந்தத் தகர டப்பா இன்னும் சாகலையா?"

வெர்னன் சிரிக்கவில்லை. "இன்னிக்கு இன்னொரு தடவ படுத்துச்சுன்னா குப்பையில போட்டுட்டுப் போறேன். இனிமே ஞாயித்துக்கிழமையும் வீட்டுலயே உக்காந்து பனியப் பாக்கறேன்."

டோரீன் தடுப்புக்கு மேலாக அவரைப் பார்த்தாள். லாரி ஓட்டுவதை விட்டதிலிருந்து அவர் ஜன்னலோர நாற்காலியே கதி என்று கிடந்தார். மனிதர் சட்டை மாற்றுவதே இந்த ஒரு நாளுக்காகத்தான். இதுவும் போனால் அப்புறம் அந்த நாற்காலியிலிருந்து அவரை எழுப்பவே முடியாது.

துப்பாக்கி மேல்தான் அவளுக்குக் கோபம் வந்தது.

மலிவுச் சரக்குதான், இல்லையென்று சொல்லவில்லை. கல்யாணமான வருஷம், இரண்டாவது பாதி விலை என்று சொன்னதால் ஜோடியாக வாங்கியது. ஆனால் மலிவுத் துப்பாக்கிக்கு வேண்டியது கவனிப்பு ஒன்றுதான். நேற்று சமையலறை மேசையில் பழைய துண்டை விரித்து, அதை அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றினாள். பல் துலக்கும் பிரஷ்ஷால் கரியையும் தோட்டாக்கள் விட்டுப்போன மெழுகையும் சுரண்டினாள். ஸ்பிரிங்கைப் புதிதாக மாற்றினாள். எண்ணெய் ஒரே சொட்டு, அதற்குமேல் விட்டால் அழுக்கைக் கூப்பிட்டு வைத்துக்கொள்ளும். எந்த வகைத் தோட்டாவை அது முகம் சுளிக்காமல் விழுங்குகிறது என்று பார்த்துப் பார்த்து வாங்கினாள்.

அவளுடைய துப்பாக்கிக்கு இதில் பாதிகூடச் செய்ததில்லை. அது ஒரு நாளும் மக்கர் பண்ணியதில்லை.

கஸ் வெடிக்காத தோட்டாவை வெளியே எடுத்தார். ஒரு பார்வை பார்த்தார். உள்ளங்கையில் மூடிக்கொண்டு, தடுப்பின் ஓரத்தில் இருந்த காப்பி டின்னில் போட்டார்.

"நமுத்தது. மறுபடி சுடலாம்."

மறுபடி சுட்டபோது ஐந்தும் வெடித்தன. வெர்னன் பலகையில் தன் இலக்கு அட்டையைப் பார்க்கப் போனார்.

டோரீன் டின்னிலிருந்து அந்தத் தோட்டாவை எடுத்தாள். இந்தச் சின்னத் தோட்டாவுக்கு அடி விளிம்பில்தான் உயிர். விசையை இழுத்துவிட்டால், வெடித்தாலும் நமுத்தாலும், துப்பாக்கிக்குள் இருக்கும் ஊசி அந்த விளிம்பில் அடித்து ஒரு வடுவை வைத்துவிடும். இதை அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததே வெர்னன்தான், காதலித்த நாட்களில், அவள் கையை விட மனமில்லாமல்.

விளிம்பில் வடு இல்லை.

டின்னைக் கிளறினாள். மற்றவர்களின் தோட்டாக்களில் வடு இருந்தது. போன வாரங்களில் விழுந்த இன்னும் சில வழவழவென்று கிடந்தன.

ஊசி அடிக்கவே இல்லை. விசையை யாரும் இழுக்கவில்லை.

காலையில் விரல் மடங்காமல் சட்டைக் கைப் பொத்தானோடு அவர் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தது நினைவுக்கு வந்தது. உதவப் போனவளை "எனக்குத் தெரியும், போ" என்று விரட்டியிருந்தார். பொத்தான் இன்னும் திறந்தேதான் இருந்தது.

அவள் தலை நிமிர்ந்தாள். கஸ் அவசரமாகக் கூரையைப் பார்த்தார்.

அழுகை வந்தது. அழ நேரமில்லை, அடுத்த சுற்றுக்கு எல்லோரும் தயாராகிவிட்டார்கள்.

பலகைகள் திரும்பின. டோரீன் மூன்று சுட்டாள். இந்தக் குளிர்காலத்தில் முதலிடத்தில் இருப்பவள், நான்காவதைச் சுடாமல் துப்பாக்கியை நீட்டியபடி நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

பக்கத்தில் மூன்று. நான்கு. அப்புறம் ஒன்றுமில்லை.

பலகைகள் திரும்பிக்கொண்டதும் அவள் கைதான் முதலில் மேலே போனது.

"அலிபி!"

பாதி உயர்ந்த வெர்னனின் கை அப்படியே நின்றது.

கஸ் அவள் தோட்டாவை எடுத்து விளிம்பைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். அதை அவள் மேசைமேல் வைத்துவிட்டு, கூடம் முழுக்கக் கேட்கும்படி, "நமுத்தது!" என்றார். அடுத்து வெர்னனின் துப்பாக்கியைத் திறந்தார். "அட, இதுவும்! டோரீன், எந்தப் புண்ணியவான்கிட்ட வாங்குன? அந்தப் பெட்டியத் தூக்கிக் கடாசு."

பின்னால் இருந்தவர்கள் கொல்லென்று சிரித்தார்கள்.

வெர்னன் தடுப்புக்கு மேலாகக் கையை நீட்டி, அவள் மேசைமேல் இருந்த தோட்டாவை எடுத்தார். கட்டைவிரலால் அதன் விளிம்பைச் சுற்றித் தடவினார். மறுபடி ஒருமுறை தடவினார்.

டோரீன் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அவர் அதை டின்னில் போடவில்லை. தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"ஜோடியா வாங்குனதுதானே," என்றார். "அடுத்த ஞாயித்துக்கிழமைக்குள்ள உன்னோடத நான் தொடச்சு வெக்கறேன்."

பிறகு, திறந்து கிடந்த சட்டைக் கையைத் தடுப்புக்கு மேலாக அவளிடம் நீட்டினார்.