மூன்று பர்சென்ட்

"போக வர அதே ரோடு, அதே தூரம். நான் ஓட்டினா பதினோரு பர்சென்ட் சார்ஜ்தான் செலவாகுது. நீ ஓட்டினா பதினாலு. மீதி மூணு எங்க போச்சு?"

வண்டிக்குச் சார்ஜ் போட்டுவிட்டு மேலே வந்தவர், வீட்டுக் கதவைக்கூடச் சாத்தவில்லை. அதற்குள் விசாரணை. மனைவி வெங்காயம் நறுக்குவதை நிறுத்தவில்லை.

"எனக்கு எப்படிங்க தெரியும்? ஓட்டிட்டுப் போனேன், ஓட்டிட்டு வந்தேன்."

"ஏசி போட்டியா?"

"ஓட்டறப்போ போடவே இல்லீங்க."

"பிரேக்கை மிதிச்சிருப்பே. எத்தனை தடவை சொல்லியிருக்கேன்? தூரத்துலயே காலை எடு, வண்டி தானா மெதுவாகும், போன சார்ஜும் கொஞ்சம் திரும்பி வரும்."

"அப்படித்தான் ஓட்டறேன். டிராஃபிக்கா இருக்கும். தினம் சிக்னல்ல இருந்து உங்களுக்குப் போன் பண்றேனே."

"நின்னா பெட்ரோல் வண்டிக்குத்தான் நஷ்டம். இதுக்கு நின்னா செலவே இல்லை!"

"அப்படியா" என்று வெங்காயத்தைப் பார்த்துச் சொன்னாள். அதற்கு மேல் வாதாடவில்லை. அதுதான் அவருக்கு உறுத்தியது.

மின்சாரக் கார் வாங்கிய நாளிலிருந்து குடியிருப்பில் அவருக்குப் 'பர்சென்ட் சார்' என்றுதான் பெயர். கேலிக்கு வைத்த பெயரை மனுஷர் பட்டமாகவே எடுத்துக்கொண்டார். அடிபட்ட கார்களின் படங்களை வீட்டிலிருந்தே பார்த்து, "இந்தக் கீறல் பழசு" என்று கண்டுபிடித்துச் சொல்வது காப்பீட்டு நிறுவனத்தில் அவருக்கு உத்தியோகம். அதே கண்ணோடுதான் மனைவியையும் பார்ப்பார்.

அவர் கார் ஓட்டுவது ஞாயிற்றுக்கிழமை மட்டும். மற்ற நாளெல்லாம் மனைவி அதில் கண் மருத்துவமனைக்குப் போய் வருவாள். வரவேற்பு மேசையில் நாள் முழுக்க, "உட்காருங்க, கூப்பிடுவாங்க" என்று சிரித்த முகமாகச் சொல்கிற வேலை.

ஞாயிற்றுக்கிழமை அதே மருத்துவமனை ரோட்டில் அவர் போகும் சவாரியைப் பார்க்க வேண்டுமே! முதலில் டயரில் காற்றுப் பரிசோதனை. டிக்கியில் குடைகூட இருக்கக் கூடாது, கனம் சார்ஜை இழுக்கும். ஏசி கூடாது. கண்ணாடியும் இறக்கக் கூடாது, காற்று எதிர்த்துத் தள்ளும். போன மாதம் மாமியார் அவித்தெடுத்த மாதிரி இறங்கி, "அடுத்த தடவை நான் பஸ்ஸிலேயே வந்துடறேன் மாப்பிள்ளை" என்றார். கனம் குறைந்ததில் மாப்பிள்ளைக்குத் திருப்திதான்.

மறுநாள் லிஃப்டில் கீழ்வீட்டுக்காரர் மாட்டினார். ஓய்வு பெற்றவர், ஊர் வம்பு ஒன்றிலிருந்து மட்டும் ஓய்வு பெறவில்லை.

"என்ன சார், முகம் டல்லா இருக்கு?"

"மூணு பர்சென்ட் தினமும் காணாம போகுது சார். டயர் சரியா இருக்கு. பேட்டரியை ஷோரூம்லயே காட்டிட்டேன்."

"கனம் ஏதும் ஏறியிருக்குமோ?"

"டிக்கி சுத்தமா காலி."

"நான் டிக்கியைச் சொல்லல." கீழ்வீட்டுக்காரர் லிஃப்டின் கூரையைப் பார்த்தார். "கூட யாராச்சும் ஏறினா? ஒரு ஆள் கனம்னா லேசா சார்?"

"யாரு ஏறப் போறா?"

"நமக்கென்ன தெரியும்! நேத்து சாயங்காலம் கீழ பார்க்கிங்ல உங்க வண்டி பக்கமா போனேன். உள்ள பேச்சும் சிரிப்புமா இருந்துச்சு. ரேடியோவாக்கூட இருக்கலாம். நான் எதுக்கு எட்டிப் பார்க்கறேன்?"

எட்டிப் பார்க்காமல் அவருக்கு எப்படித் தூக்கம் வந்ததோ, அது வேறு விஷயம். பர்சென்ட் சாருக்குத் தூக்கம் போய்விட்டது. அடிபட்ட கார் ஒன்றும் கண்ணில் நிற்கவில்லை. ஓர் ஆள் ஏறினால் இவ்வளவு, ஏறி இறங்க வண்டி நின்று கிளம்பினால் இவ்வளவு என்று கூட்டிப் பார்த்தார். கணக்கு கச்சிதமாகப் பொருந்தியது. காணாமல் போன மூன்று பர்சென்ட்டுக்குக் கையும் காலும் முளைத்தன. சாயங்காலத்துக்குள் மீசையும் முளைத்துவிட்டது.

அவள் வீடு வந்து சேர எப்படியும் ஏழு மணி ஆகும். எவன் இறங்குகிறான் என்று கையும் களவுமாகப் பிடிப்பதற்காக அவர் ஆறரைக்கே பார்க்கிங்குக்கு இறங்கினார்.

வண்டி அதற்குள் வந்து, அதன் இடத்தில் நின்றிருந்தது.

அவர் தூணுக்குப் பின்னால் ஒதுங்கினார். வண்டிக்குள்ளிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. மெல்லக் கழுத்தை நீட்டிப் பார்த்தார்.

பக்கத்துச் சீட்டில் கைப்பை. பின் சீட்டில் யாருமில்லை. மனைவி மட்டும் சீட்டைச் சாய்த்துப் போட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு, காலைத் தூக்கி முன்னால் வைத்துக்கொண்டு கிடந்தாள். ரேடியோவில் யாரோ சொன்ன ஜோக்குக்குச் சிரித்தாள். அடுத்து வந்த பாட்டைக் கூடவே பாடினாள். அவள் பாடுவாள் என்பதே அவருக்குப் புதுச் செய்தி. ஏசிக் காற்றில் அவள் முன்முடி பறந்தது. வண்டிக்கு அடியில் ஏசித் தண்ணீர் சொட்டிக் குட்டையாகத் தேங்கியிருந்தது.

அவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஆளுமில்லை, மீசையுமில்லை. மூன்று பர்சென்ட்டும் ஏசி! பாவம், வேலை முடிந்து வந்த அசதி, அஞ்சு நிமிஷம் உட்கார்ந்திருக்கிறாள். இன்றைக்குத் திட்ட வேண்டாம். கண்ணாடியைத் தட்டி, "ஏசி" என்று ஒரே ஒரு வார்த்தை மட்டும் சொல்லிவைக்கலாம்.

தூணை விட்டு நகரப் போனவரின் சட்டைப்பையில் போன் துடித்தது. மனைவிதான். காதில் வைத்தார்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் ரேடியோவைக் குறைத்து, முகத்திலிருந்த சிரிப்பைத் துடைத்துவிட்டுப் பேசினாள்: "சிக்னல்ல மாட்டிக்கிட்டேங்க. வீடு வந்து சேர இன்னும் அரை மணி ஆகும்."