தொடாத கோப்பை

அபூ நாயிஃப் காபியைத் தொடவில்லை.

வாங்கினார். முன்னால் இருந்த முக்காலியில் வைத்தார். முழங்கால்மேல் கைகளைப் போட்டுக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். கூட வந்த மூன்று பெரியவர்களும் தங்கள் கோப்பைகளை அப்படியே வைத்தார்கள்.

எதிரே உட்கார்ந்திருந்த ருதைனா அந்த நாலு கோப்பைகளையும் பார்த்தாள்.

கரக் ஊரில் இதற்கு ஒரே அர்த்தம்தான். ஏதோ கேட்க வந்திருக்கிறார். தருகிறேன் என்று வாக்கு வந்தால்தான் கோப்பை உதட்டுக்குப் போகும். பெண் கேட்கவும் கொலைப்பகை தீர்க்கவும்தான் ஊரில் இப்படி வருவார்கள். குடிக்காத காபியோடு பெரியவர்களைத் திருப்பியனுப்பிய வாசலை அப்புறம் யாரும் மிதிக்கமாட்டார்கள்.

இந்தக் கலைமன்றத்தின் வாசலை மிதிப்பவர்கள் குழந்தைகள். சாயங்காலமானால் நாடகம், பாட்டு, தப்கே ஆட்டம் என்று ஓடி வருகிற குழந்தைகள். அவர்கள் வராவிட்டால் மன்றம் எதற்கு?

மன்றத்தை உண்டாக்கியவரே அபூ நாயிஃப்தான். பாழடைந்து கிடந்த ஆலிவ் எண்ணெய்ச் செக்கை வாங்கி, பெருக்கி, மேடை போட்டவர். போன மாதம், வயதாகிவிட்டது என்று தானே விலகினார். உறுப்பினர்கள் கூடி ருதைனாவைத் தலைவியாக்கினார்கள். முதலில் தூக்கிய கை அவருடையது.

தூக்கிய கையை இறக்கினாரா? இல்லை.

மறுநாளே வந்து நின்றார். அவள் ஆட்ட வரிசையை மாற்றினால், இவர் பழையபடி ஆக்கினார். அவள் விளக்கை இடப்பக்கம் வைக்கச் சொன்னால், இவர் வலப்பக்கம் என்றார். அவளும் பெரியவராயிற்றே என்று தலையாட்டினாள். இப்போது எதைச் சொன்னாலும், அபூ நாயிஃப் என்ன சொல்கிறார் என்றுதான் எல்லாரும் கேட்கிறார்கள். கௌரவத் தலைவர் பட்டமும் அவள் அறையிலேயே ஒரு மேஜையும் கேட்கப்போகிறார் என்று ஊரில் பேச்சு.

"கிழவர் நாற்காலியைப் பொண்ணு கேக்க வந்திருக்கார். மஹர் பணம் எவ்வளவுன்னு கேட்டு வை" என்று விளக்குக்கார ஷுக்ரி, காபிக் கூஜாவை எடுக்கும்போதே காதில் போட்டிருந்தான்.

சிரிக்க முடியவில்லை. தந்தால் தலைமை போச்சு. மறுத்தால் மன்றம் போச்சு.

ஆனாலும் முடிவு எடுத்துவிட்டுத்தான் காலையில் கிளம்பியிருந்தாள். முடியாது என்று கண்ணாடி முன்னால் நின்று சொல்லியும் பார்த்திருந்தாள். கண்ணாடியிடம் சுலபமாக வந்தது.

"குடிங்க அபூ நாயிஃப். ஆறிடும்."

"ஆறட்டும். வாக்கு குடு, குடிக்கிறேன்."

"என்னன்னு தெரியாம எப்படிக் குடுக்கிறது?"

கசாப்புக்கடை முஃப்லிஹ் தொண்டையைச் செருமினார். மலை மாதிரி ஆள். "பெரியவங்க வந்து உக்காந்திருக்கோம், மகளே. வந்த காரியம் ஆச்சு, குடிங்கன்னு சொல்றதுதான் முறை."

முறைதான். அவள் அப்பா இருந்திருந்தால் அப்படித்தான் சொல்லியிருப்பார்.

"என் வீட்டைக் கேளுங்க, கண்ணை மூடிக்கிட்டுத் தரேன். மன்றம் என் வீடு இல்லை. என்னன்னு சொல்லாம வாக்கு கிடையாது."

ஷுக்ரி கூஜாவோடு வாசலிலேயே நின்றுவிட்டான். கிழவரின் மீசை துடித்தது. கோபம் என்று நினைத்தாள்.

"சரி, சொல்றேன்" என்றார் அபூ நாயிஃப். "அஸர் தொழுதுட்டு வீட்டுக்குப் போகத்தான் கிளம்பறேன். கால் இங்க வந்து நிக்குது. வந்துட்டா வாய் சும்மா இருக்கமாட்டேங்குது. நீ விளக்கை மாத்தினது சரின்னு எனக்கே தெரியும். இருந்தும் வாய் வேற சொல்லுது."

கோப்பையைப் பார்த்தார்.

"நீயும் தலையாட்டிடறே. இப்படியே போனா மன்றமும் என்னோட சேர்ந்து கிழடாயிடும்."

ருதைனா வாயைத் திறந்தாள். அவர் கையமர்த்தினார்.

"அதனால கேக்கறேன். இனிமே நான் இங்க வந்து எதை மாத்தச் சொன்னாலும், முடியாதுன்னு சொல்லணும். இவங்க முன்னாடி வாக்கு குடு. நாளைக்கு நானே இதை மறந்து உன் மேல பாய்ஞ்சா, இவங்க என்னைப் பிடிச்சு வெளியே இழுத்துட்டுப் போகணும்."

"அதுக்குத்தான் என்னைக் கூப்பிட்டான்" என்றார் முஃப்லிஹ்.

காலையிலிருந்து அவள் தயாராக வைத்திருந்தது ஒரே ஒரு சொல். அதைச் சொல்லச் சொல்லித்தான் அவர் கேட்கிறார். கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"ஆச்சு" என்றாள். "வந்த காரியம் ஆச்சு. குடிங்க."

நாலு பேரும் குடித்தார்கள். ஆறிப்போயிருந்தது. அபூ நாயிஃப் முகத்தைச் சுளித்தார்.

"ஏலக்காய் பத்தலை. நாளையிலேர்ந்து கூஜாவுல இன்னும் ஒரு பிடி..."

"முடியாது" என்றாள் ருதைனா.

கிழவர் காலிக் கோப்பையை ஷுக்ரி பக்கம் நீட்டினார்.

"இன்னொண்ணு ஊத்து."