விழுங்குகிறானா

இந்தக் காலத்து டாக்டர்களுக்கு ஆளைப் பார்த்து நோயைச் சொல்லத் துப்பில்லை. எச்சிலைக் கொடு, ரத்தத்தைக் கொடு என்று கையேந்துகிறார்கள்.

மரம் ஏற்றும் லாரி ஓட்டி ஓட்டியே முதுகு வளைந்த கிழவர் எய்னோ, கிளினிக் நாற்காலியில் தொப்பியைக்கூடக் கழற்றாமல் இதைத்தான் மனசுக்குள் அரைத்துக்கொண்டிருந்தார்.

பக்கத்தில் மகன் டேல். தலை நரைக்கத் தொடங்கிய ஆள். தரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மனச்சோர்வுக்கு மருந்து மாற்றி மாற்றிக் கொடுத்தாயிற்று. ஒன்றும் வேலை செய்யவில்லை. அக்டோபரில் கொட்டகையில் துப்பாக்கியோடு உட்கார்ந்திருந்த டேலை நல்லவேளையாக எய்னோ நேரத்தில் பார்த்துவிட்டார். அன்றைக்கே மான் வேட்டைத் துப்பாக்கிகள் எல்லாம் பக்கத்து வீட்டு அலமாரிக்குப் போய்விட்டன. இந்த வருஷம் எய்னோ வேட்டைக்கும் போகவில்லை. மகனைத் தனியாக விட்டுவிட்டு எங்கே போவது?

“சில பேரு ஒடம்பு மாத்திரையை வேலை செய்ய விடாம சீக்கிரமே கரைச்சுத் தள்ளிடும்,” என்றாள் நர்ஸ் மார்லிஸ், பஞ்சுக்குச்சியின் உறையைப் பிரித்தபடி. “அது பொறப்புலயே அப்பா அம்மாகிட்டேருந்து வர்றது. மரபணுவைப் பாத்தா தெரிஞ்சுடும். அதுக்குத் தக்கன டாக்டர் வேற மருந்து குடுப்பாரு.”

எய்னோவுக்குச் சுருக்கென்றது.

“எங்க ஒடம்புல ஒரு கோளாறும் கெடையாது. இவன் முழுங்குறதில்ல, துப்பிடுறான். அதுக்குப் போய் எச்சிலா? நாளைக்கு மூக்குச்சளியும் கேப்ப போல!”

“கேட்டா மட்டும் குடுத்துடுவீங்களாக்கும். நீங்க கொஞ்சம் வாயை மூடுங்க, எய்னோ. டேல், நீ தொற.”

டேல் வாயைத் திறந்தான்.

நர்ஸ் பக்கம் திரும்பாமல், அப்பா பக்கம் திரும்பி.

நாக்கை மேலே தூக்கினான். ஒரு விரலால் இடது கன்னத்தை இழுத்துக் காட்டினான். பிறகு வலது கன்னத்தை. பிறகு கண்ணை இறுக மூடிக்கொண்டு, முகத்தில் டார்ச் வெளிச்சம் விழக் காத்திருப்பவனைப் போல அப்படியே இருந்தான்.

மார்லிஸின் கை அந்தரத்தில் நின்றது.

“தெனமும் இப்படி வாயைத் தொறந்து பாக்குறீங்களா?” என்றாள், மெதுவாக. “எப்பவாவது ஒரு மாத்திரை கெடச்சுதா, எய்னோ?”

கிடைத்ததில்லை. ஒருநாளும் கிடைத்ததில்லை.

“கெட்டிக்காரன்,” என்றார் எய்னோ, எழுந்துகொண்டே. “எங்கயோ ஒளிச்சுவைக்கிறான்.”

கதவைத் தள்ளிக்கொண்டு பனிக்குள் இறங்கி நடந்தார்.